ஐந்தடி இரண்டு அங்குலம்

குருநகரில் படகு வார்க்கிற நிக்சனின் வளவில்
ஈரம் காயாத இரண்டு படகுகளுக்கு நடுவே
நின்றது அது.
வெள்ளை வகன் ஆர்.
முன்னால் பார்த்தால் எல்லாருடைய காரும்போல.
மேலே மட்டும் ஒரு ஃபைபர் மூடி,
சின்னப் படகொன்றைக் கவிழ்த்துவைத்த மாதிரி.

"படகேதான்" என்றார்.
"பன்னிரண்டடி அச்சில ஊத்தி
வாலை வெட்டினது."

கொளுக்கியைத் தட்டினார்.
பின்கதவு தூக்குகிற காஸ் தண்டுகள் நான்கு
பெருமூச்சு விட்டு எழும்பின.
கூடவே பச்சைக் கன்வஸ்,
மூன்று பக்கமும் நுளம்பு வலை.
கன்வஸில் எழுத்து ஏதும் அச்சடித்திருக்கிறதா என்று
உள்ளும் புறமும் பார்த்தேன்.
இல்லை.
என்ன தேடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.
அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

பெற்றோல் வரிசைக் காலத்தில் பிறந்த யோசனையாம்.
ஆறு நாள் ஸ்ரியறிங்கில் மடங்கிக் கிடந்தவர்
ஏழாம் நாள் வீட்டுக்கு வந்து
கரண்ட் இருந்த இரண்டு மணித்தியாலத்துக்குள்
கிரைண்டரை எடுத்துக்
கூரையை அறுத்தாராம்.
மனைவி ஒரு கிழமை கதைக்கவில்லையாம்.
மூடி காய்ந்து பூட்டி முடிய
வரிசையும் முடிந்துபோச்சாம்.

பிறகு மன்னாருக்குப் போனார்கள், திருகோணமலைக்குப் போனார்கள்,
ஒருமுறை அறுகம்குடா மட்டும்.
போன வைகாசியில் இரட்டைப் பிள்ளைகள்.
இரண்டு மெத்தை, ஒரு கட்டில்,
கணக்குச் சரிவரவில்லை.

"படுத்துப் பாருங்கோவன்"
என்றாள் டெல்சியா, இடுப்பில் ஒன்று தோளில் ஒன்று.
செருப்பைக் கழற்றினேன்.
அந்நிய வளவொன்றில்
இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்க
நேரே படுப்பது
சுலபமில்லை.
முதலில் இருந்தேன். பிறகு சரிந்தேன்.

பலகை ஐந்தடி மூன்று.
ஓர் அங்குலம் எனக்கு மிச்சம்.
இரண்டு தரகர்களும் ஒரு மாப்பிள்ளையின் தாயும்
"கட்டை" என்று சொல்லித் திருப்பியனுப்பிய உயரம்
முதல்முறையாக
ஓரிடத்தில் பொருந்திக் கிடந்தது.

வலைக்குள்ளால் வானம் சின்னச் சின்னச் சதுரம்.
"நாற்பத்தாறு" என்றேன், படுத்தபடியே.
"ஐம்பது சொன்னனான்" என்றது வெளியே குரல்.
"மழைக்கு?"
"கடலையே உள்ளுக்கு விடாத சாமான், அக்கா."
"நாற்பத்தெட்டு."
ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.
மற்றதும் சேர்ந்துகொண்டது.
"சரி, சரி, சரி" என்றார்,
எனக்கோ பிள்ளைகளுக்கோ தெரியாது.
எழும்பிவந்து கைகொடுத்துவிட்டேன்.

புத்தகத்தில் ஆசனம் நான்கு. உள்ளே இரண்டு.
கூரையைப் பற்றிப் புத்தகம் வாய் திறக்கவில்லை.
லாபில் என்னோடு இரத்தம் பார்க்கிற மங்களேஸ்வரி
கண்ணாடித் தட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்,
"வீடு கட்டச் சேர்த்த காசில
கூரை மட்டும் வாங்கினனியோ?"
நல்ல கேள்வி.
இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை தூரம் போகப் பயம்.
பண்ணைப் பாலம் தாண்டி
தண்ணி வற்றின பக்கமாக நிறுத்தி
கொளுக்கியைத் தட்டினேன்.
பெருமூச்சு. கன்வஸ். சின்ன மஞ்சள் லைற்.
றால் கூடு தூக்கிப் போனவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.
காற்று மூடியைத் தட்டித் தட்டி
ஏதோ விசாரித்தது.
கதவை உள்ளால் பூட்டினேன், திறந்தேன்,
பிறகும் பூட்டினேன்.

எட்டரைபோல ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.
தலைக்கவசத்தோடு ஒரு பெடியன், பின்னால் ஒரு பெட்டை.
"அக்கா, கொத்து இருக்கோ?"
"இது கடை இல்லை, தம்பி."
"ஓ."
போகவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தான்.
அவள் மெல்லக் கேட்டாள்,
"பிளேன்ரீ எண்டாலும்?"

அடுப்பு இருந்தது. தேயிலை இருந்தது.
கோப்பை ஒன்றுதான், மற்றது போத்தல் மூடி.
"சீனி வாங்க மறந்துபோனன்" என்றேன்.
"பரவாயில்லை" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

கதவைத் திறந்துவிட்டு
கேத்திலை எடுக்க
எழுந்து நேராக நின்றேன்.
தலை ஓரிடத்திலும் இடிக்கவில்லை.